சவரக் கடையும் சமத்துவமும்

லண்டன் மாநகரத்தின் தென்பாகத்தில் பெக்கம் என்று ஒரு பேட்டை இருக்கிறது. தொழிலாளிகளும், சிறு வியாபாரிகளும், கடல் கடந்து பிழைக்க வந்தவர்களும் நெருங்கி வாழும் இடம் அது. அந்தப் பேட்டையிலுள்ள ஒரு சவரக் கடையையும், அக்கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தையும் வைத்து, "டெஸ்மண்ட்ஸ்" என்ற பெயரால் ஒரு சிரிப்பு நாடகம் 1989-ம் வருஷம் ஜனவரி முதல் 1994-ம் வருஷம் டிசம்பர் வரையில் இங்கிலாந்தின் சானல் நாலு என்னும் தொலைக்காட்சியில் நடந்து வந்தது. மொத்தம் 71 பாகங்கள். அதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

சிரிப்பு நாடகத்துக்கும் நமது பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு நாட்டில் யாரைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள் என்று கவனித்தால், அந்த நாட்டில் யார் மேலே, யார் கீழே என்பது தானே விளங்கிவிடும். நம் நாட்டுக் கூத்திலும் நாடகத்திலும் சினிமாவிலும் எந்தத் தொழில் செய்கிறவர் கோமாளி வேஷத்தில் வருகிறார் என்பதை வாசகர்கள் அறிவார்கள். கோயில் தர்மகர்த்தா கோமாளியாக வருவது அபூர்வம். சவரம் செய்கிறவரும், துணி வெளுக்கிறவரும், பிணம் சுடுகிறவரும் அடிக்கடி வருவார்கள். ஆகவே, சவரத் தொழிலாளி ஒருவரையே கதாநாயகராக்கி, ஒரு பெரிய தேசத்து ஜனங்களை ஆறு வருஷ காலம் அவர் வீட்டுக்குள் உட்காரவைத்த நாடகம் நம் யோசனைக்கு உரியது என்றே கருதுகிறோம்.

முதலில் கதையைச் சொல்லுகிறோம். கடையின் சொந்தக்காரர் பெயர் டெஸ்மண்ட் ஆம்புரோஸ். தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள கயானா தேசத்திலிருந்து வந்து லண்டனில் குடியேறிய கறுப்பர். அவர் மனைவி ஷெர்லி. மூத்த மகன் மைக்கேல் வங்கியில் உத்தியோகம் பார்க்கிறான். குளோரியா என்று ஒரு மகளும், ஷான் என்று படிப்பில் சூட்டிகையான கடைசி மகனும் உண்டு. கடைக்கு முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களைக் காட்டிலும் ஊர்க்கதை பேச வருகிறவர்களே அதிகம். போர்க்பை என்ற பழைய சிநேகிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியாவிலிருந்து படிக்க வந்து, படிப்பை முடிக்காமலே காலம் கழிக்கும் மாத்யூ என்பவரும் அங்கேதான் இருப்பார். கடையில் டெஸ்மண்டுக்கு உதவியாக முடி வெட்டுகிற டோனி என்ற இளைஞன் வெள்ளைக்காரன். கறுப்பு முதலாளியிடம் வெள்ளைக்காரப் பையன் வேலை செய்கிறான். அதை யாரும் அங்கே ஒரு அதிசயமாக எடுத்துச் சொல்லுவதில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டதிலேயே பெரிய விஷயம் இருக்கிறது.

இதை எழுதியவர் டிரிக்ஸ் வொரெல் என்பவர். செயின்ட் லூசியா தீவில் பிறந்து, சிறு வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர். டெஸ்மண்டாக நடித்த நார்மன் பீட்டன், ஷெர்லியாக நடித்த கார்மென் மன்ரோ, போர்க்பையாக நடித்த ராம் ஜான் ஹோல்டர் ஆகிய மூவரும் கயானாவில் பிறந்தவர்கள். அதாவது, யாருடைய கதையோ அவர்களே எழுதி, அவர்களே நடித்தார்கள்.

இதன் அருமை தெரியவேண்டுமானால் அதற்கு முன் அந்நாட்டில் நடந்த சிரிப்பின் யோக்கியதையையும் பார்க்க வேண்டும். 1958 முதல் 1978 வரையில், இருபது வருஷ காலம், பி.பி.சி. தொலைக்காட்சியில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பரைப் போல் வேஷம் போட்டுப் பாட்டுப் பாடி ஜனங்களை மகிழ்வித்தார்கள். 1972 முதல் 1976 வரையில் வேறொரு நாடகம் நடந்தது. அடுத்த வீட்டுக்குக் குடிவந்த கறுப்பரை ஒரு வெள்ளைக்காரர் நிறத்தைச் சொல்லி ஏசுவதும், அவர் பதிலுக்கு ஏசுவதும்தான் அதில் முக்கியமான வேடிக்கை. இருவரும் ஒருவரையொருவர் ஏசுகிறார்களே, இது சமத்துவந்தானே என்று அதற்குச் சமாதானமும் சொன்னார்கள். ஏசி முடித்தபின் ஒருவர் தெருவில் இறங்கினால் வேலை கிடைக்கிறது, வீடு கிடைக்கிறது. மற்றவர் இறங்கினால் "கறுப்பருக்கு இடமில்லை" என்ற அட்டை எதிரே நிற்கிறது. அப்படியிருக்க இரண்டு ஏச்சும் எப்படிச் சமமாகும் என்று கேட்கின்றோம்.

நிற்க, பெக்கத்தில் கறுப்பருக்கென்று ஒரு சவரக் கடை ஏன் ஏற்பட்டது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். 1948-ம் வருஷம் ஜூன் மாதத்தில் "எம்பயர் விண்ட்ரஷ்" என்ற கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து இறக்கிற்று. யுத்தத்தினால் நொந்துபோன தேசத்துக்கு ஆட்கள் வேண்டியிருந்தது. வந்தவர்கள் பஸ் ஓட்டினார்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனித்தார்கள், இரயிலில் வேலை செய்தார்கள். ஆனால் மாதம் ஒருமுறை முடி வெட்டிக்கொள்ள வெள்ளைக்காரர் கடைக்குள் நுழைந்தபோது, உங்கள் மாதிரி முடியை வெட்ட எங்களுக்குத் தெரியாது என்று பல இடங்களில் திருப்பியனுப்பப்பட்டார்கள். தெரியாதது கையின் குறையா, மனத்தின் குறையா? முடி என்பது கெரட்டின் என்னும் புரதத்தினால் ஆன உயிரற்ற பொருள். அது சுருளாக வளருவதும் நேராக வளருவதும் தோலுக்குள் இருக்கும் வேர்க்குழியின் வடிவத்தைப் பொறுத்தது. எந்த முடியையும் வெட்டக் கற்றுக்கொள்ளச் சில மாதப் பழக்கம் போதும். கற்றுக்கொள்ள இஷ்டமில்லாதவர்கள்தான் தெரியாது என்று சொன்னார்கள்.

சட்டமாவது கேட்டதா என்றால், அதுவும் சீக்கிரம் கேட்கவில்லை. இங்கிலாந்தில் 1965-ல் வந்த முதல் இனச் சமத்துவச் சட்டம் ஓட்டல், நாடகக் கொட்டகை, பிரயாண வண்டி முதலிய இடங்களில் நிறம் பார்த்துத் தடுக்கக்கூடாது என்றதே தவிர, கடைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வீடு, வேலை, கடைச் சாமான், கூலிக்குச் செய்துகொடுக்கும் வேலை ஆகியவற்றிலும் நிறம் பார்ப்பது சட்ட விரோதம் என்பது 1968-ல்தான் வந்தது. அதாவது, கப்பல் வந்து இறங்கி இருபது வருஷம் வரையில், கறுப்பருக்கு முடி வெட்டமாட்டேன் என்று ஒரு கடைக்காரர் சொன்னால் கேட்பாரில்லை. அந்த இருபது வருஷமும் அவர்கள் தலைமுடியோடு பேசாமல் இருந்துவிடவில்லை. சமையலறையில் ஸ்டூல் போட்டு ஒருவருக்கொருவர் வெட்டிக்கொண்டார்கள். பிறகு வாடகைக்கு இடம் பிடித்துக் கடை வைத்தார்கள். மறுத்தவர்களின் வாசலில் கெஞ்சிக்கொண்டு நிற்காமல் தங்கள் நாற்காலியைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். அப்படிப் போட்ட நாற்காலியைச் சுற்றித்தான் கடிதம் படிப்பதும், அரசியல் பேசுவதும், வேலை விசாரிப்பதும் நடந்தன. டெஸ்மண்டின் கடை இந்த வழியில் வந்த கடையாகும்.

டெஸ்மண்ட் எப்படிப்பட்ட மனிதர்? அவர் உத்தமரல்ல. பிடிவாதக்காரர்; வீண் பெருமைக்காரர்; வாலிபத்தில் வாத்தியக் கோஷ்டி வைத்துப் பாடியதை எண்ணி எண்ணிப் பூரிப்பவர்; மனைவியிடம் நாளுக்கு ஒருமுறை தோற்றுப்போகிறவர். இதுதான் நாடகத்தின் சிறப்பு என்று சொல்லுவோம். தாழ்த்தப்பட்டவனைக் கதையில் கொண்டுவருகிற நல்ல மனதுக்காரர்கள் பலர் அவனை ஒன்று அழவைப்பார்கள், இல்லாவிட்டால் தேவதையாக்குவார்கள். இரண்டும் அவனை மனிதனாக ஒப்புக்கொள்ளாத வேலையேயாகும். தப்புச் செய்யவும், அசட்டுத்தனம் செய்யவும், கோபித்துக்கொண்டு பிறகு சமாதானமாகவும் மற்ற மனிதர்களுக்கு உள்ள உரிமை அவனுக்கும் உண்டு. டெஸ்மண்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் அவருடைய அசட்டுத்தனத்துக்காகச் சிரித்தார்கள். தங்கள் தகப்பனாரும் அப்படித்தானே என்று எண்ணிச் சிரித்தார்கள். நிறம் அங்கே வேடிக்கைப் பொருளாக இல்லை.

தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகப்பன் சவரத் தொழிலாளி. மகன் வங்கி உத்தியோகஸ்தன். நம் நாட்டில் இப்படி இருந்தால் அந்த மகன் வங்கி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதும், அவன் யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா என்று ஒரு குரல் முணுமுணுக்கும். பெக்கத்தில் அந்தக் குரல் இல்லை. அங்கே நிறத்தின் கொடுமை உண்டு. ஆனால் கத்தரி பிடிப்பது இன்ன வயிற்றில் பிறந்தவனின் கடமை என்று எழுதிவைத்த சாஸ்திரம் இல்லை. டெஸ்மண்ட் விரும்பினால் நாளைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வேறு தொழில் பார்க்கலாம். அவர் பேரன் முடி வெட்டுவான் என்று எந்தப் புரோகிதரும் பிறக்கும்போதே தீர்மானிக்க முடியாது.

டெஸ்மண்டுக்கு ஓயாத ஒரு ஆசை உண்டு. கயானாவுக்குத் திரும்பிப்போய், அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டு வாழவேண்டும் என்பதே அது. ஷெர்லிக்கு அந்த ஆசை இல்லை. பிள்ளைகள் இருக்கிற இடந்தான் அவளுக்கு ஊர். இதைப்பற்றி இருவருக்கும் பல தடவை தர்க்கம் நடக்கும். நமக்கு ஷெர்லியின் கட்சியே பகுத்தறிவுக்கு ஒத்ததாகத் தோன்றுகிறது. டெஸ்மண்ட் ஏங்குகிற கயானா அவர் முன்னோர்களின் புண்ணிய பூமியா? சங்கிலி போட்டு அடிமைகளாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோய் இறக்கப்பட்ட கரும்புத் தோட்டம் அது. 1838-ல் அடிமைகள் முற்றும் விடுதலையானதும், அவர்கள் விட்ட மண்வெட்டியைப் பிடிக்க இந்தியாவிலிருந்து கூலிகளைக் கப்பலேற்றினார்கள். 1917 வரை அது நடந்தது. பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போனார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து நம் தமிழ் மக்களும் போனார்கள். போனவர்கள் மாரியம்மனையும் விடாமல் கூடக் கொண்டுபோனார்கள். ஆனால் மாரியம்மன் ஒரு நாளாவது கங்காணியின் கையைத் தடுத்ததாகத் தெரியவில்லை. ஆகவே, மண்ணுக்கென்று தனி மகிமை ஒன்றும் கிடையாது. மனிதன் மனிதனாக மதிக்கப்படுகிற இடமே ஊர். லண்டனில் அந்த மதிப்புக் கிடைக்காததினால்தான் டெஸ்மண்டுக்குக் கயானா அவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

இனி, இந்த நாடகத்தில் நம் ஜனங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். வெள்ளைக்காரரால் கறுப்பர் என்று ஒதுக்கப்பட்ட அதே கடையில், மேற்கிந்தியரான டெஸ்மண்டும் போர்க்பையும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மாத்யூவைச் சற்றுக் குறைவாகவே பேசுவார்கள். ஆப்பிரிக்கர் என்றால் நாகரிகம் தெரியாதவர் என்பது அவர்கள் மனதில் ஊறிய எண்ணம். மாத்யூவோ ஆப்பிரிக்கப் பழமொழி என்று ஒன்றை எடுத்துவிட்டு அவர்களுக்குப் பதில் கொடுப்பார். பல சமயங்களில் அந்தக் கடையிலேயே அதிகம் படித்தவர் அவராகத்தான் இருப்பார். நிறம் ஒன்று, பட்ட துன்பத்தின் வேர் ஒன்று, அப்படியும் ஒருவருக்கு மற்றவர் கீழே. ஏன்? வெள்ளைக்காரன் தன் தலைமேல் ஏறி உட்கார்ந்தபோது, தன் காலடியில் வைக்க ஒரு ஆள் அகப்பட்டால் வலி குறைவதுபோல் மனிதனுக்குத் தோன்றுகிறது. இந்தத் தந்திரம் நம் நாட்டு ஜாதி முறைக்குப் புதிதல்ல. படிக்கட்டில் எல்லோருக்கும் கீழே ஒரு படி காட்டிவிட்டால், மேல்படிக்காரனை எதிர்க்க ஒருவனுக்கும் நினைப்பு வராது. வொரெல் இதை மூடி மறைக்காமல் நடுக்கடையில் போட்டு, அதைப் பார்த்துத் தம்மவர்களையே சிரிக்கவைத்தார். தன் இனத்தானின் குறையைத் தன் இனத்தான் முன்னாலேயே சொல்லத் துணிவது சுயமரியாதையின் ஒரு பகுதி என்றே நாம் சொல்லுவோம்.

இதற்கெல்லாம் ஒரு ஆட்சேபம் உண்டு; அதையும் நேராகப் பார்ப்போம். இந்த நாடகம் நடந்துகொண்டிருந்த 1993-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், அதே தென்கிழக்கு லண்டனில் எல்தம் என்ற இடத்தில், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பு இளைஞனை வெள்ளைக்காரக் கும்பல் ஒன்று கத்தியால் குத்திக் கொன்றது. போலீசார் விசாரித்த விதம் பற்றி 1999-ல் வந்த மாக்ஃபர்சன் அறிக்கை, அந்த இலாகாவிலேயே இனத் துவேஷம் ஊறியிருப்பதாகக் கூறிற்று. குற்றவாளிகளில் இருவருக்குத் தண்டனை கிடைத்தது 2012-ல். பத்தொன்பது வருஷம் கழித்து. வெளியே இப்படி இரத்தம் சிந்தும்போது உள்ளே உட்கார்ந்து சிரிக்கலாமா என்று கேட்டால், கேள்வி நியாயமானதே.

நமது பதில் இதுதான். கத்தியைத் தடுப்பது நாடகத்தின் வேலையல்ல. அது போலீசின் வேலை, நீதிஸ்தலத்தின் வேலை. அவர்கள் தவறியதற்கு ஒரு நாடகம் ஜவாப்தாரியாகாது. ஆனால், கொலை செய்த கும்பலுக்கு எதிரே நின்றது ஒரு மனிதன் என்று தோன்றவில்லை. ஒரு நிறமாகத் தோன்றிற்று. அந்த நிறத்துக்குப் பின்னால் ஒரு தகப்பன், ஒரு தாய், வாடகைக் கவலை, மகளின் சிநேகிதர்களைப் பற்றிய சண்டை, இரவுச் சாப்பாடு எல்லாம் உண்டென்று வாராவாரம் காட்டுவது சிறிய காரியமல்ல. அதன் பலன் தாமதமாக வரும். சட்டம் கதவைத் திறக்கச் சொல்லும். உள்ளே வந்தவனைக் கண்டு முகம் சுளிக்காமலிருக்க மனம் வேறு வழியாகத்தான் பழகவேண்டும். இரண்டும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை வேண்டாம் என்பவரை நம்பக்கூடாது.

இது நமக்குப் பிரத்தியட்சமாகவே தெரியும். இங்கிலாந்தில் சவரக் கடைக் கதவுக்குச் சட்டம் வர 1968 ஆயிற்று என்று சொன்னோம். நமது அரசியல் நிர்ணய சபையிலோ 1948-ம் வருஷம் நவம்பர் மாதத்திலேயே இந்தப் பேச்சு வந்துவிட்டது. கடைகளுக்குள் செல்ல யாரையும் ஜாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்ற விதியில், சவரக் கடையும் சலவைக் கடையும் சேருமா என்ற விவாதம் எழுந்தபோது, கூலி கொடுக்கிற எவருக்கும் வேலை செய்துகொடுக்கத் தயாராயிருக்கிற இடமெல்லாம் கடையே என்ற கருத்தில் டாக்டர் அம்பேத்கர் விளக்கம் கொடுத்தார். 1950 முதல் அது அமுலில் இருக்கிறது. தீண்டாமையைத் தண்டிக்க 1955-ல் தனிச் சட்டமும் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும், தாழ்த்தப்பட்டவருக்கு முடி வெட்ட மறுத்தார்கள், அவர்கள் பக்கத்து ஊருக்குப் போய் வெட்டிக்கொள்ளுகிறார்கள் என்ற செய்தி நமது கிராமங்களிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. இங்கிலாந்துக்கு இருபது வருஷம் முன்னால் பேசினோம். நடப்பிலோ பின்னால் நிற்கிறோம்.

இதற்குச் சவரத் தொழிலாளியை மட்டும் ஏசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் நம்மில் உண்டு. அவர் யார்? அவரும் தீட்டென்று ஒதுக்கப்பட்டவர்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர் இல்லாமல் நடக்காது; ஆனால் பந்தியில் அவருக்கு இடம் கடைசி. அவனுக்கு வெட்டிய கத்தி எங்கள் கன்னத்தில் படக்கூடாது, மீறினால் உனக்கு ஊரில் வேலை கிடையாது என்று மிரட்டுகிறவர் வேறொருவர்; அவர் பெயர் செய்தியில் வருவதேயில்லை. கத்தியை ஒவ்வொருவருக்கும் புது அலகு போட்டுச் சுத்தமாக வைக்கச் சொல்லுங்கள், அது வியாதிக்காக. யாவருக்கும் ஒன்றாகச் சொல்லுங்கள். ஜாதியைக் கழுவ எந்த மருந்துத் தண்ணீரும் தேவையில்லை, ஏனெனில் கத்தியில் ஜாதி ஒட்டுவதேயில்லை. இதைக் கடைக்காரருக்குச் சொல்லுவதோடு, அவரை மிரட்டுகிறவரின் முகத்துக்கு நேரே சொல்ல ஊரில் நாலு பேர் வேண்டும்.

கடைசியாக ஒரு செய்தி. டெஸ்மண்டாக நடித்த நார்மன் பீட்டன், 1994-ம் வருஷம் டிசம்பர் 13-ந் தேதி, தாம் பிறந்த கயானா தேசத்தின் ஜார்ஜ்டவுன் நகரத்தில், தமது 60-ம் வயதில் காலமானார். நாடகத்தின் கடைசிப் பாகம் ஒளிபரப்பானது அதற்குச் சில நாட்கள் கழித்து. கதையில் டெஸ்மண்ட் ஏங்கிய ஊரிலேயே அவராக நடித்தவரின் முடிவு நேர்ந்ததை விதி என்றும் எழுத்து என்றும் சொல்ல இங்கே ஆட்கள் கிடைப்பார்கள். நமக்கு அதில் ஒரு மர்மமும் இல்லை. உடம்பு தளர்ந்த ஒரு மனிதர் பிறந்த ஊருக்குப் போனார், அங்கே இறந்தார். அவருக்குச் செய்யும் மரியாதை விதியைப் பற்றிப் பேசுவதில் இல்லை.

நம் ஊர்ச் சவரக் கடைகள் எத்தனையோ பேருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தவை. எழுதப் படிக்கத் தெரியாதவர் பத்திரிகையை வாசிக்கச் சொல்லிக் கேட்ட இடங்கள் அவை. அந்தக் கடைகளின் கதையை, அங்கே கத்தரி பிடித்தவரின் பிள்ளைகளே எழுதவேண்டும். அவர்கள் வீட்டுச் சண்டையும் சிரிப்பும் நம் ஜனங்கள் கண்ணில் படவேண்டும். அதுவரையில் நம்மால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அடுத்த தடவை முடி வெட்டிக்கொள்ளப் போகும்போது, பக்கத்து நாற்காலியில் நம் ஊர்ச் சேரித் தோழர் உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையானால், ஏன் இல்லை என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவர் யாருக்குப் பயப்படுகிறார் என்பதையும் கேட்டு, அவருக்குத் துணையாக நில்லுங்கள். அடுத்த வாரம் அந்தத் தோழரை அழைத்துக்கொண்டே போய், அவர் முடி வெட்டி முடிகிற வரையில் நீங்கள் காத்திருங்கள்.